டெண்டர்லாயினும் கறி பன்னும்

பிப்ரவரி 3, திங்கள்

சேனலுக்கு அடுத்த விஷயம் கிடைத்துவிட்டது. பர்கர். சாதாரண பர்கர் இல்லை, கோர்மே பர்கர். தட்டில் வைக்காமல் மரப்பலகையில் வைத்துத் தருவார்கள், எழுநூறு ரூபாய்க்குக் குறையாது.

“எல்லாரும் ஹைப் ஏத்திட்டு இருக்காங்க. வொர்த்தா இல்லையான்னு நாம சொல்றோம்” என்றான் பிரணவ். சேனல் அவனுடையது. என்னைவிட இரண்டு வயது பெரியவன். ஆழ்வார்பேட்டையில் அவனுடைய பெரியப்பா வீட்டு மாடிதான் எங்கள் அலுவலகம். அங்கே நான் ஸ்கிரிப்ட் எழுதுகிறேன், கடை தேடுகிறேன், படப்பிடிப்பில் மைக் மாட்டுகிறேன். என் பெயர் கடைசியில் சின்ன எழுத்தில் ஓடும், அதற்குள் எல்லோரும் அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பார்கள்.

பட்டியல் போட்டுப் பார்த்தேன். ஒன்பது கடைகள். ஒன்பதிலும் பூசாத செங்கல் சுவர், தொங்குகிற மஞ்சள் பல்பு. எங்கள் வியாசர்பாடி வீட்டிலும் பூசாத செங்கல்தான். அதைப் பார்த்து யாரும் படம் எடுத்ததில்லை.

அம்மா கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்யச் சொன்னாள். மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

முதல் கடை, ‘ஃபோல்ட் அண்ட் ஃபயர்’. செஃப் நிகில் எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வெண்ணெய் சேர்த்துச் சுட்ட ரொட்டி. பக்குவப்படுத்திய கறி, இருபது நாள் குளிரில் தொங்கவிட்டது. வெங்காயத்தைப் புகைபோட்டு ஜாம் ஆக்கியது. ரொட்டியைப் பற்றி மட்டும் பதினைந்து நிமிடம் பேசினார். எனக்குச் சிரிப்பு வந்தது.

மெனு அட்டையில் அந்த மாட்டுக்கறிக்கு ‘ஏஜ்டு டெண்டர்லாயின்’ என்று போட்டிருக்கிறது. 740 ரூபாய். அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். மாடு என்ற சொல் எங்கேயும் இல்லை. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம். அப்பா சத்தமாக “டூ டெண்டர்லாயின்” என்றார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இதே மனிதர் எங்கள் தெரு முனையில் நின்று தமிழில் கேட்பாரா? கேட்கமாட்டார். கேட்டால் அவருடைய ஃபிளாட் சங்கத்தில் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியும்.

தொகுப்பாளினி ஹரிணி சிக்கன் மட்டும்தான் சாப்பிடுவாள். அதனால் டெண்டர்லாயினை என்னைக் கடிக்கச் சொன்னார்கள். கேமராவுக்குப் பின்னாலிருந்து பிரணவ் ஏதோ கேட்டான். தலையாட்டினேன். கடித்தேன்.

நன்றாக இருந்தது. வெளியே லேசாகக் கருகி, உள்ளே சாறு நிற்கிறது. ரொட்டி ஊறிப்போகாமல் தாங்குகிறது. எரிச்சல் வரும் அளவுக்கு நன்றாக இருந்தது. இதை ஸ்கிரிப்டில் எழுதமாட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

கேஸ் பதிவு செய்தேன். ஸ்கிரிப்ட் ஒரு வரிகூட வரவில்லை.

பிப்ரவரி 8, சனி

மேகலா அக்கா கடைக்குப் போனேன். பெரம்பூர்ப் பக்கம், ஒரு பழைய கம்பெனி மதில் ஓரம். தள்ளுவண்டி, ஒரு தோசைக்கல், இரண்டு கத்தி. சாயங்காலம் ஐந்துக்குத் தொடங்கினால் எட்டுக்குள் எல்லாம் தீர்ந்துவிடும்.

அக்கா எங்கள் தெருக்காரி. ஆறு வருடம் முன்பு கால்வாய் ஓரத்து வீடுகளை இடித்தபோது எங்கள் வரிசை தப்பியது, அவர்கள் வரிசை போனது. பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். அங்கே வண்டி போட்டுப் பார்த்தாள், ஓடவில்லை. வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவருக்குச் சவாரி எல்லாம் வடசென்னையில். போக வர நாளில் பாதி போய்விடும். போன வருடம்தான் பெரம்பூரில் ஓர் அறை, சமையலறை, பின்னால் ஒரு குழாய் என்று வாடகைக்கு வீடு பிடித்து வந்தார்கள். அதற்கு முன்னால் பதினோரு வீடு கேட்டு இல்லை என்றார்களாம்.

கறியை அவள் மெஷினில் அரைப்பதில்லை. வீட்டில் மரக்கட்டைமேல் வைத்து இரண்டு கையிலும் கத்தி பிடித்துக் கொத்துவாள். வீட்டு ஓனர் தணிகாசலம் டிவி போடும் நேரம் பார்த்து. சின்ன வெங்காயம், மிளகு, கொஞ்சம் கொழுப்பு, கொத்தமல்லித் தழை. கல்லில் போட்டு அழுத்தி, அந்தக் கொழுப்பிலேயே பன்னைத் தேய்த்து எடுத்து நடுவில் வைப்பாள். கறி பன். பெயர்ப்பலகை கிடையாது. தெரிந்தவர்கள் “ரெண்டு குடுக்கா” என்பார்கள். புது ஆள் வந்து சிக்கனா என்று கேட்டால் முட்டை பன் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவாள். யாரையும் ஏமாற்றித் தின்ன வைத்ததில்லை. யாரிடமும் போய்ச் சொன்னதும் இல்லை.

“இன்னாடா தம்பி, ஆபீசரு இந்தப் பக்கம்?”

“உன்ன வீடியோ எடுக்கலாம்னு வந்தேங்கா. பெரிய பர்கர் கடையையும் உன் பன்னையும் பக்கத்துல வச்சு.”

“எனக்கும் அவனுக்கும் இன்னாடா போட்டி? அவன் ஏசில விக்கறான், நான் கொசுக்கடில விக்கறேன்.”

“அதான் விஷயமே. அவன் எழுநூத்தி நாப்பதுக்கு விக்கறத நீ அறுபதுக்கு விக்கறே.”

அவள் கல்லைச் சுரண்டிக்கொண்டே யோசித்தாள். மழைக்காலத்தில் வியாபாரம் சரியாக இல்லை. புது ஆட்கள் பத்துப் பேர் வந்தால் நல்லதுதான்.

“சரி, எடுத்துக்கோ. ஆனா இன்னா கறின்னு மட்டும் வரக்கூடாது. கறி பன்னுன்னு போடு, போதும்.”

“ஏன்கா பயப்படறே? நாம திங்கறதச் சொல்ல நமக்கு இன்னா வெக்கம்?”

“வெக்கம் இல்லடா. வீடு.”

வரும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்தான். கோபம் கோபமாக வந்தது. எவ்வளவு காலம் டிவி சத்தத்துக்கு நடுவில் கொத்திக்கொண்டிருப்பது?

பிப்ரவரி 11, செவ்வாய்

படப்பிடிப்பு. நாலரைக்கு ஆழ்வார்பேட்டையில் பர்கர் வாங்கி, பைக்கில் வைத்துப் பெரம்பூர் போய்ச் சேர ஆறாகிவிட்டது. துண்டு போட்டுக் காகிதத் தட்டில் வைத்தேன். ஒன்றாம் எண் பர்கர், இரண்டாம் எண் அக்காவின் பன், கல்லிலிருந்து அப்போதுதான் எடுத்தது. ருசி பார்க்க ஐந்து பேர். ஐந்து பேரும் அக்காவிடம் தினமும் வருகிறவர்கள். தெரியாதவர்களுக்கு இந்தக் கறியைக் கொடுக்கமுடியாது, அதனால் அப்படி.

நான்கு பேர் இரண்டாம் எண் என்றார்கள். வெல்டிங் பட்டறை அண்ணன் ஒருவர் மட்டும், “ஒண்ணாம் நம்பரு நல்லாத்தான் கீது தம்பி. சூடா இருந்தா இன்னும் நல்லாயிருக்கும்” என்றார்.

அக்கா நன்றாகப் பேசினாள். கேமரா அவளுக்குப் பொருந்துகிறது. “கறி பன்னு சார். கையால கொத்துனது. மெஷின்ல போட்டா கறி செத்துப்பூடும்” என்றாள். ஹரிணியே கைதட்டினாள்.

முடிந்தது என்று சொன்னேன். மைக்கைக் கழற்ற மறந்துவிட்டேன். பட்டறை அண்ணன் கிண்டல் பண்ணினார்: “மேகலா, இனிமே நீ ஸ்டாரு. ஜனம் வந்து இன்னா கறின்னு கேட்டா இன்னா சொல்லுவே?”

அக்கா கரண்டியைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள். “மாட்டுக்கறிடா! எங்கம்மா எனக்கு ஊட்டுனது, நான் ஊருக்கு ஊட்றது. போய்ச் சொல்லிக்கோ!”

அது பதிவாகிவிட்டது. படமும் வந்திருக்கிறது.

பிப்ரவரி 13, வியாழன்

எடிட். பட்டறை அண்ணன் சொன்னதை வெட்டினோம். நேரம் அதிகமாகிறது என்றேன்.

அக்கா சிரிக்கும் இடத்தைப் பிரணவ் நான்கு தடவை ஓட்டிப் பார்த்தான். “செம ஷாட் ப்ரோ. ஆனா பீஃப்னு ஓப்பனா வருதே, அவங்களுக்குப் பிரச்சனை ஆகாது?”

அவன் கேட்டான். இதை நேர்மையாக எழுதி வைக்கிறேன். அவன்தான் கேட்டான்.

நான் எகிறினேன். டெண்டர்லாயின் என்றால் கலாச்சாரம், மாட்டுக்கறி என்றால் பிரச்சனையா? ஆங்கிலத்தில் சொன்னால் உணவு, தமிழில் சொன்னால் ஜாதியா? இந்த வீடியோவில் உண்மை என்று ஏதாவது இருந்தால் அது அந்தப் பத்து விநாடிதான் என்றேன்.

“ஓகே ஓகே, கூல். உனக்கு ஏன் இவ்ளோ பர்சனலா இருக்கு?”

“ஒரு கொள்கைதான்” என்றேன்.

அந்தப் பத்து விநாடியோடு வீடியோ முடிகிறது. தலைப்பும் நானே கொடுத்தேன்: ‘740 ரூபாய் டெண்டர்லாயினைத் தோற்கடித்த 60 ரூபாய் மாட்டுக்கறி’.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலை பத்துக்கு வெளியிட்டோம். மதியத்துக்குள் ஒரு லட்சம். வீட்டில் அம்மா கறி செய்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே எண் ஏறுவதைப் பார்த்தேன். அம்மா எட்டிப் பார்த்து, “இன்னாடா அது, காட்டு” என்றாள். டேட்டா தீர்ந்துவிட்டது என்றேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அக்கா கடையில் நூறு பேர் இருக்கும். காரில் வந்திருக்கிறார்கள். ஆறே காலுக்குக் கறி தீர்ந்துவிட்டது. ஏழுமலை அண்ணன் வரிசையை ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்தார்.

அக்கா கட்டிப்பிடிக்கவில்லை. கல்லைத் துடைத்து முடித்தாள். பிறகு, “அது எப்படிடா வந்துச்சு? முடிஞ்சுதுன்னு சொன்னியே?” என்றாள்.

“மைக் கழட்ட மறந்துட்டேங்கா.”

“மறந்துட்டே. சரி. போட்றதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்த கேக்கறதுக்குமா மறந்துட்டே?”

“கூட்டத்தப் பாருக்கா. யாராவது ஒருத்தர் தப்பாப் பேசனாங்களா? நீ பயந்த மாதிரி எதுவும் ஆவல.”

“கூட்டம் என் வண்டிகிட்ட நிக்குது. நான் வண்டில படுக்கறதில்ல.”

பிப்ரவரி 21, வெள்ளி

ஆகிவிட்டது. ஓனர் தணிகாசலத்தின் மகன் போனில் காட்டியிருக்கிறான். அவர் சண்டை போடவில்லையாம். மாலை நாலு மணிக்கு வந்து வாசலிலேயே நின்று, “மட்டன்னு சொன்னியேம்மா” என்றாராம். அவ்வளவுதான். மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

ஏழுமலை அண்ணன்தான் போன் பண்ணிச் சொன்னார். அக்கா பேசவில்லை.

பிப்ரவரி 22, சனி

நான் போயிருக்கக்கூடாது. போனேன்.

தணிகாசலம் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். உட்காரச் சொன்னார், விசிறி போட்டார். “நானும் கறி திங்கறவன்தான் தம்பி. ஞாயித்துக்கெழம மட்டன் இல்லாம எனக்கு எறங்காது. ஆனா இது வேற. மேல் போர்ஷன்ல இருக்கறவங்க கேக்கறாங்க. எம்பொண்ணுக்கு மாப்ள பாக்கற வீடு இது” என்றார். குரல் உயரவில்லை.

“இது சட்டப்படி தப்பு சார்.”

“நான் தப்புன்னு சொல்லலியே. வேற வீடு பாத்துக்கங்கன்னுதான் சொல்றேன்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. தீண்டாமை என்றேன். அரசியல் சட்டம் என்றேன். கடைசியில் போனை எடுத்து, “இப்ப சொன்னதையெல்லாம் கேமரா முன்னாடி சொல்லுங்க, பத்து லட்சம் பேர் பாக்கட்டும்” என்றேன்.

அவர் போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “ஓகோ, அந்த வீடியோ எடுத்தது நீதானா? நல்ல வேல பண்ணே தம்பி” என்று எழுந்தார். உள்ளே போய், சமையலறை ஜன்னல் வழியாகப் பின்பக்கம் குரல் கொடுத்தார். “மேகலா, மாசக் கடைசி வரைக்கும் வாணாம்மா. புதன்கிழமைக்குள்ள பாத்துக்கங்க. அட்வான்ஸ காலைலயே தந்துட்றேன்.”

ஆறு நாள் இருந்தது. நான்காக்கிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன். பிரணவ் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டான். உண்மையிலேயே வருத்தப்பட்டான், அதையும் சொல்லவேண்டும்.

“எடுத்துடலாம் ப்ரோ. ஆனா நாப்பது பேர் அந்த க்ளிப்ப மட்டும் வெட்டிப் போட்டிருக்காங்க. அத எப்படி எடுப்பே?” பிறகு கொஞ்சம் நிதானித்து, “நான் அன்னிக்கே கேட்டேன்ல?” என்றான்.

பதினொன்றரைக்கு எடுத்துவிட்டான். பன்னிரண்டு லட்சம் பார்வையில் நின்றது. மாலை அண்ணனோடு மூன்று வீடு பார்த்தேன். முதல் வீட்டில் பேசி முடிக்கும் நேரத்தில் ஒரு பெண் வந்து அக்காவின் பெயரைக் கேட்டாள். “அந்த வீடியோ…” என்று இழுத்தாள். அடுத்த இரண்டு வீட்டிலும் தெரு பெயரைக் கேட்டுவிட்டுச் சாவி ஊரில் இருக்கிறது என்றார்கள்.

பெரும்பாக்கம் வீட்டுச் சாவியை அண்ணன் சட்டைப்பையில் வைத்திருந்தார். திரும்பும்போதுதான் பார்த்தேன்.

பிப்ரவரி 26, புதன்

லீவு போட்டுவிட்டுச் சாமான் ஏற்றப் போனேன். அண்ணனின் லோடு ஆட்டோவில் இரண்டு நடையில் முடிந்துவிட்டது. பீரோ, கட்டில், பாத்திரம், மரக்கட்டை. தள்ளுவண்டியைக் கொண்டுபோக வழியில்லை. பட்டறை அண்ணன் தன் கொட்டகையில் போட்டுக்கொள்கிறேன் என்றார். மேல் போர்ஷன் ஜன்னலில் யாரோ நின்றார்கள். நான் நிமிர்ந்து பார்த்ததும் திரை விழுந்தது.

முதல் நடைக்கு அண்ணன் போயிருந்தார். அக்காவும் நானும் வெறும் அறையில், காலை பதினோரு மணி வெயிலில். அவள் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். காலி பண்ணும் வீட்டை ஏன் கூட்டுகிறாய் என்று கேட்டேன். “அழுக்கு ஜனம்னு அதுக்கும் சேத்துப் பேசுவாங்க” என்றாள்.

கூட்டி முடித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“வீடியோவ முழுசா நேத்துதான் பார்த்தேன். அன்னிக்கு என் பாகத்த மட்டும்தான் எவனோ காட்டனான்.”

துடைப்பத்தைத் தள்ளி வைத்தாள்.

“பர்கர் கடைல அந்தப் பையன் உன்னக் கேக்கறான், ‘பீஃப் ஃபர்ஸ்ட் டைமா ப்ரோ?’ன்னு. நீ ஆமான்னு தலையாட்றே. வாய மூடிக்கினு, பயந்த மாதிரி மெல்றே. நல்லா நடிச்சடா.”

“அக்கா…”

“உங்கம்மா வாராவாரம் புளியந்தோப்புல என் பக்கத்துல நின்னு கறி வாங்கறவங்க. எலும்பு போடு, என் புள்ளைக்கு எலும்புன்னா உசுருன்னு சண்ட போட்றவங்க. அந்தப் புள்ள நீதான?”

“அங்க எல்லாரும்… அது வேற எடம்கா.”

“தெரியும். நான் மட்டும் இங்க மட்டன்னு ஏன் சொன்னேன்? அது வேற எடம், இது வேற எடம். எனக்கும் தெரியும்டா. அதனாலதான உன்கிட்ட சொன்னேன், வாணாம்னு.” அவள் குரல் உயரவே இல்லை. “நீ பொய் சொன்னதுக்கு நான் கேக்கல. எல்லாரும் சொல்றதுதான். ஆனா உண்மைய என் வாயால சொல்ல வச்சிட்டு உன் வாய மூடிக்கினே பாரு. எனக்கு வீடு போச்சு. நீ சொல்லியிருந்தா உனக்கு இன்னா போயிருக்கும்?”

ஆட்டோ சத்தம் கேட்டது. எழுந்து கதவைத் திறக்கப் போனாள்.

இரண்டாம் நடையில் நானும் போகிறேன் என்றேன். “எடமில்ல” என்றாள். பின்னால் இடம் இருந்தது.

பிப்ரவரி 27, வியாழன்

எனக்கு என்ன போயிருக்கும்? வேலை போயிருக்காது. பிரணவ், “ஓ, கூல்” என்றிருப்பான். ஹரிணி ஒரு நொடி என் டிபன் பாக்ஸைப் பார்த்திருப்பாள். அந்த ஒரு நொடிக்குப் பயந்துதான் இவ்வளவும்.

மைக்கை மறக்கவில்லை. கேமராவையும் நிறுத்தவில்லை. முடிந்தது என்று சொன்னால் அவள் சிரித்துப் பேசுவாள் என்று தெரிந்துதான் சொன்னேன்.

மார்ச் 4, செவ்வாய்

வேலையை விட்டுவிட்டேன் என்று இங்கே எழுத ஆசை. விடவில்லை. அப்பா இல்லாத வீடு, அம்மாவின் மாத்திரை, தங்கையின் கல்லூரி என்று காரணம் அடுக்கலாம். எல்லாம் உண்மைதான். அடுக்கும்போது மட்டும் பொய் மாதிரி இருக்கிறது.

இன்று ‘ஃபோல்ட் அண்ட் ஃபயர்’ ஆட்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். வீடியோவால் அவர்கள் கடைக்குக் கூட்டம் குறையவில்லை, கூடியிருக்கிறது. தோற்ற பர்கர் எப்படி இருக்கும் என்று பார்க்க வருகிறார்களாம். புதிதாக ஓர் அயிட்டம் போடப்போகிறார்கள்: ‘நார்த் மெட்ராஸ் பன் — கையால் கொத்திய டெண்டர்லாயின்’. 480 ரூபாய். அதற்குக் கொத்துகிற கை வேண்டும்.

“அந்த அக்காவையே கேக்கலாம்னு இருக்கோம்” என்றார் செஃப் நிகில். “நான் ட்ரை பண்ணேன். எனக்கு அந்தப் பதம் வரல.”

அவரை வெறுக்க முயன்றேன். முடியவில்லை. கையில் இரண்டு இடத்தில் எண்ணெய் பட்ட தழும்பு. காலை ஒன்பதிலிருந்து அடுப்பு முன்னால் நிற்கிற ஆள். அவருடைய பர்கரை ஒன்றரை மணி நேரம் பெட்ரோல் டேங்க்மேல் ஆறப்போட்டு, அக்காவின் வாடிக்கைக்காரர்கள் ஐந்து பேர் முன்னால் வைத்துத் தோற்கடித்தவன் நான். நியாயமாகக் கேட்டால் அந்தப் பர்கர் அதன் பேருக்குத் தகும். அக்காவின் பன்னும் தகும். இரண்டையும் மோதவிட வேண்டிய அவசியமே இல்லை. எனக்குத்தான் இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

பெரும்பாக்கம் போனேன். லிஃப்ட் ஓடவில்லை, ஏழு மாடி. அக்கா தண்ணீர் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எத்தினி மணிலேர்ந்து எத்தினி மணி?”

“பதினொண்ணுலேர்ந்து ஏழு.”

“பி.எஃப். உண்டா?”

“உண்டுக்கா.”

“ரெண்டு பஸ்ஸு. ஒண்ணரை மணி நேரம்” என்று தனக்குள் கணக்குப் போட்டாள். ஏழுமலை அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். “சொந்த யாவாரத்த உட்டுட்டு எவன் கடையிலயோ கறி கொத்தப் போறியா?” என்றார்.

“சொந்த யாவாரம் பட்டறைக் கொட்டாயில தூங்குது. நீ போய் எழுப்பறியா?”

அவர் ஜன்னலைச் சாத்தினார்.

இரண்டு பேரும் சாப்பிடச் சொல்லவில்லை. மதிய நேரம். எங்கள் தெருவில் வளர்ந்தவர்கள் வீட்டில் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 15, சனி

காலை எட்டரைக்கு அக்காவிடமிருந்து போன். “பத்தரைக்கு பர்கர் கடைக்குப் பக்கத்துல ஜெராக்ஸ் கடை கீதே, அங்க வா. இங்கிலீஸ்ல ஒரு லெட்டர் எழுதணும்.” வேறு எதுவும் சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சட்டைகூட மாற்றிக்கொண்டு போனேன்.

அவள் ஏற்கெனவே வந்து நின்றிருந்தாள். கையில் கடையில் கொடுத்த விண்ணப்பம். பெயரை வைத்து விளம்பரம் செய்யலாமா என்று கேட்டிருக்கிறார்கள். மெனுவில் ‘மேகலாஸ் பன்’ என்று போட்டு, பக்கத்தில் படம் வைக்க ஆசையாம். அதற்குக் கூடுதலாகவும் தருவார்களாம்.

“சொல்றேன், எழுது. நான் சொல்றத மட்டும் எழுது.”

ஜெராக்ஸ் கடைப் பலகைமேல் வெள்ளைத்தாளை வைத்து எழுதினேன். நான் சமையலறையில் வேலை செய்யச் சம்மதிக்கிறேன். என் பெயர் மெனுவில் வரக்கூடாது. போர்டில் வரக்கூடாது. என் முகம் எந்த வீடியோவிலும் வரக்கூடாது. நான் எந்த ஊர், எந்தத் தெரு என்று யாரிடமும் சொல்லக்கூடாது. என்ன கறி என்பதை உங்கள் இஷ்டப்படி எழுதிக்கொள்ளுங்கள், அதில் என் பேச்சை இழுக்கக்கூடாது. மீறினால் அன்றே நின்றுவிடுவேன்.

“கூடக் குடுக்கற காச வாணாம்னு சொல்றியாக்கா? யோசிச்சுப் பாரு…”

“எழுதுன்னேன்.”

எழுதினேன். முடித்ததும், “படி” என்றாள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். “இன்னொரு தடவ படி” என்றாள். படித்தேன். நான் விரல் வைத்த வரிகளை அவள் கண்ணாலேயே எண்ணிக்கொண்டு வந்தது தெரிந்தது. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக நான் எதையும் எழுதியதில்லை.

அவள் தாளை வாங்கிக்கொண்டாள். நன்றி என்றோ வருகிறேன் என்றோ சொல்வாள் என்று நின்றேன்.

மெஷினுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண் கணக்குச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா என்னைத் தாண்டிக் கையை நீட்டி அவளிடம் தாளைக் கொடுத்தாள்.

“பாப்பா, இதுல இன்னா எழுதிக்கீதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா” என்றாள்.